நான் சொல்லிக் கொடுத்த வசனம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் இங்கே நானும் உன் அம்மாவும் தம்பியும் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். என் இடது முழங்காலைத் தவிர வீட்டில் மற்ற எல்லாரும் சுகம், அது மட்டும் தனிக்குடித்தனம் போன பிள்ளை மாதிரி நான் சொல்வது எதையும் கேட்பதில்லை. அங்கே மடத்தில் நீயும் உன்னோடு இருக்கிற சிஸ்டர்மாரும் சளி இருமல் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். உன்னை இனி எப்படிக் கூப்பிடுவது என்பதே இங்கே பெரிய வழக்காக இருக்கிறது. உன் அம்மா இப்போதே எங்க சிஸ்டர் எங்க சிஸ்டர் என்றுதான் பேசுகிறாள். போன மாதம் தையல்காரரிடம் போய், எங்க சிஸ்டருக்கு வார்த்தைப்பாடு வருது, எனக்கு ஒரு ரவிக்கை தைச்சுக் குடுங்க என்று சொல்ல, அவர், உங்களுக்குத் தங்கச்சி இருக்கிறதே எனக்குத் தெரியாதேம்மா என்றாராம். நான் மகளே என்றுதான் எழுதுவேன், உங்கள் மடத்து மதர் பிரித்துப் படித்தால் படிக்கட்டும்.

உன் கடிதம் கிடைத்தது. நம் பள்ளிக்கூடத்து ஆயாம்மா விஷயத்தில் நான் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சாட்சி சொல்லக் கூடாது, சொன்னால் பள்ளிக்கூடத்தை நடத்துகிற உங்கள் சபைக்கு இடறலாகிவிடும், துறவற வார்த்தைப்பாடு கொடுக்கிற நாள் நெருங்குகிற நேரத்தில் உனக்கும் அது நல்லதில்லை என்று எழுதியிருந்தாய். போனேனா இல்லையா என்பதைப் பின்னால் சொல்கிறேன். நீ எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவள் என்று எனக்குத் தெரியும், இந்தத் தடவை மட்டும் தயவுசெய்து வரிசையாகப் படி. ஏனென்றால் நடந்ததை நீ உங்கள் மடத்துச் சாப்பாட்டு அறையில் கேட்டிருப்பாய், நான் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தேன். இரண்டுக்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது.

எல்லாம் பெரிய வியாழன் அன்று ஆரம்பித்தது. வருஷா வருஷம் பள்ளிக் கோயிலில் ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததுபோல ஃபாதர் பன்னிரண்டு மாணவர்களுக்குத்தானே பாதம் கழுவுவார், இந்த வருஷம் புதிதாக வந்த பெரிய சிஸ்டர், மாணவர்கள் வேண்டாம், நம் பள்ளிக்கூடத்தைத் தாங்குகிற ஊழியர்களுக்குக் கழுவுவோம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மணி அடிக்கிற கோயில்பிள்ளையாக இத்தனை வருஷம் தண்ணீரும் தட்டும் துண்டும் எடுத்துக் கொடுத்தவனை, இந்த வருஷம் நீங்க உக்காருங்க, வேற யாராவது எடுத்துக் குடுப்பாங்க என்றால் எப்படி இருக்கும். ஆள் சேர்க்கிற வேலையையும் என்னிடமே விட்டார். நான் சமையலறை, தோட்டம், வாட்ச்மேன் கூண்டு, பஸ் நிற்கிற இடம் என்று மாப்பிள்ளை வீட்டார் மாதிரி சுற்றிச் சுற்றி அழைத்தேன். எல்லாரும் வெட்கப்பட்டுக்கொண்டே சரி என்றார்கள், ஆயாம்மா மட்டும் மாட்டேன் என்றார். என் காலை நானே கழுவிக்குவேன் தம்பி, ஃபாதர் குனிஞ்சா எனக்குக் கூச்சமா இருக்கும், ஆள விடு என்றார். நான் விட்டேனா. மழலையர் வகுப்பில் நம் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேரைத் தூக்கி வளர்த்தவர் நீங்கள், நீங்கள் இல்லாமல் என்ன சடங்கு என்று பேசிப் பேசி ஒத்துக்கொள்ள வைத்தேன். உன்னையும் அவர்தான் இடுப்பில் வைத்துக்கொண்டே வகுப்பு முழுக்கக் கூட்டினார், அழுகையை நிறுத்தாத பிள்ளை என்று உன்னை இன்றைக்கும் சொல்வார்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. பாதம் கழுவி முடிந்ததும் ஒவ்வொருவரும் மைக்கில் ரெண்டு வார்த்தை பேச வேண்டும், நான் ஏன் இந்தப் பள்ளியில் ஊழியம் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும், அதை வீடியோ எடுப்போம் என்றார் பெரிய சிஸ்டர். நம் ஆட்களுக்கு மைக் என்றால் பாம்பு. என்ன பேசுறது, என்ன பேசுறது என்று எல்லாரும் என்னிடம் வந்தார்கள். நானும் எட்டாவது வரை படித்தவன், பூசையில் வாசகம் வாசிக்கிறவன், அந்தத் திமிரில் எல்லாருக்கும் ஒரே வசனத்தைச் சொல்லிக் கொடுத்தேன். நாங்க சம்பளத்துக்காக இங்க வரல, சாமிக்காக வர்றோம், இது வேலை இல்ல, சேவை. என்ன அழகான வசனம் பார், எனக்கே கண் கலங்கியது. ஆயாம்மா அதைக் கேட்டுவிட்டு, அது சரி தம்பி, மைக் கைக்கு வர்றப்பவே எனக்கு உக்கார ஒரு ஸ்டூல் கேட்டுக்கட்டுமா, பிள்ளைங்க தூங்குற நேரம் முழுக்க நின்னு நின்னு காலு வீங்குது என்றார். நான் பதறிப்போய், பெரிய வியாழன் அன்னைக்கு ஆண்டவர் சந்நிதியில நின்னு ஸ்டூல் கேக்குறதா, பிறகு நான் சொல்லி வாங்கித் தர்றேன், இப்ப வசனத்தை மட்டும் சொல்லுங்க என்றேன். அவரும் சரி என்று வாயில் போட்டு முணுமுணுத்து மனப்பாடம் பண்ணிக்கொண்டார்.

அன்று காலை நான் செங்கல் துண்டை வைத்து என் காலைத் தேய்த்த தேய்ப்பைப் பார்த்து உன் அம்மா, கல்யாணத்தன்னைக்குக்கூட இந்தக் காலு இவ்வளவு வெளுப்பா இல்ல என்றாள். பஸ் டிரைவர் என்னைவிடப் புத்திசாலி, வருஷா வருஷம் வலது காலைத்தான் கழுவுவார்கள் என்று பார்த்து வைத்து வலது காலை மட்டும் தேய்த்துக்கொண்டு வந்தார். ஃபாதர் அவர் முன்னால் மண்டியிட்டு, என்ன நினைத்தாரோ, இடது காலைப் பிடித்தார். டிரைவர் காலை இழுக்க, ஃபாதர் விடாமல் பிடிக்க, கோயில் முழுக்கச் சிரிப்பு. ஃபாதர் தண்ணீர் ஊற்ற, பெரிய சிஸ்டர் பின்னாலேயே மண்டியிட்டு வந்து ஒவ்வொரு பாதமாகத் துண்டால் துடைத்தார். ஆயாம்மாவின் வீங்கின காலை அவர் துடைத்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். நிஜமாகவே மெதுவாகத்தான் துடைத்தார், அதை மறைக்க மாட்டேன். பிறகு ஒவ்வொருவராக என் வசனத்தைச் சொன்னார்கள். ஆயாம்மா தப்பில்லாமல் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

பாஸ்குத் திருநாள் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று வாசலில் நீலச் சட்டை போட்ட ஆட்கள் துடைப்பத்தோடு நின்றார்கள். ஏஜென்சி ஆட்களாம். சமையல், துப்புரவு, தோட்டம், வாட்ச்மேன், பஸ் எல்லாம் இனி அவர்கள் வழியாகத்தானாம். நம் ஆட்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, இத்தனை வருஷ சேவைக்கு நன்றி என்று ஆளுக்கு ஒரு ஜெபமாலை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு பேரில் மிஞ்சியது நான் ஒருத்தன், கோயில் மணி அடிக்க ஏஜென்சியில் ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. வரவேற்பு அறைச் சுவரில் பாதம் கழுவின படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஆயாம்மா அதன் கீழே நடந்துதான் வெளியே போக வேண்டியிருந்தது. நான் மணிக்கயிற்றைப் பிடித்தபடி நின்றேன், அவர் என் பக்கம் திரும்பவில்லை. வாட்ச்மேன் மட்டும் என்னைக் கடக்கும்போது, உனக்கு முன்னாடியே தெரியும்ல, அதான் தேடித் தேடிக் கூப்பிட்டியா என்றார். இல்லை என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை, ஏறாது, நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

பெரிய சிஸ்டரிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. நிர்வாகம் என்றால் சில கஷ்டமான முடிவுகள் எடுக்கத்தான் வேண்டும், இதுவும் ஒரு சிலுவைதான், நான் அழுதுகொண்டேதான் எடுத்தேன் என்றார். அழுதிருக்கலாம். ஆனால் மகளே, அவர் சுமந்த சிலுவையின் பாரம் ஏன் ஆயாம்மா தோளில் இறங்கியது என்று எனக்கு விளங்கவில்லை. எட்டாவது படிப்புக்கு அது எட்டவில்லை என்று வைத்துக்கொள்.

வெளியே அனுப்பப்பட்டவர்கள் எங்களுக்கு வேலையைத் திரும்பக் கொடுங்கள் என்று தொழிலாளர் அலுவலகத்தில் மனு போட்டார்கள். அதற்குப் பள்ளிக்கூடம் என்ன பதில் சொன்னது தெரியுமா. இவர்கள் வேலைக்காரர்களே இல்லை, பக்தியால் தாமாக வந்து சேவை செய்தவர்கள், நாங்கள் மாதா மாதம் கொடுத்தது அன்பளிப்பு, வேலையே இல்லாதபோது எதைத் திருப்பிக் கொடுப்பது. ஆதாரம் என்ன. என் வசனம்தான். பன்னிரண்டு வாயால் சொல்ல வைத்து, பன்னிரண்டு முகத்தோடு வீடியோ பிடித்து வைத்திருக்கிறார்களே. சிஸ்டர் இதற்காகத்தான் அன்றைக்கு வீடியோ எடுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன், அன்றைக்கு அவர் மனசு சுத்தமாகத்தான் இருந்திருக்கும். தேவைப்பட்டபோது கையில் இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். அதுதான் எனக்கு இன்னும் கசக்கிறது.

விசாரணை நாளுக்கு முந்தின தினம்தான் உன் கடிதம் வந்தது. படித்தேன், உன் அம்மாவும் படித்தாள், என்னைப் பார்த்து, போதுமா, பொண்ணே சொல்லிட்டா, இனிமேலாவது வாய மூடிக்கிட்டு வீட்ல இருங்க என்றாள். நான் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் உன் தம்பியின் வண்டியில் ஏறிப் போய்விட்டேன். ஆமாம், போனேன். நீ வேண்டாம் என்று எழுதின கடிதம் நெஞ்சுக்கு மேலேயே இருந்தது, வழி நெடுக அது குத்திக்கொண்டே வந்தது.

அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது, படி ஏறுவதற்குள் என் முழங்கால் ஒரு பாடு திட்டித் தீர்த்தது. அதிகாரி சின்ன வயசு அம்மா, கடும் ஜலதோஷம், கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே எல்லாவற்றையும் கேட்டார். பள்ளிக்கூடத்து வக்கீல் யார் என்று நினைக்கிறாய், உனக்கு ரெண்டு வகுப்பு மேலே படித்தானே, பூசைக்கு உதவுகிறவன், சாம்பிராணித் தூபக்காலை ஆட்டத் தெரியாமல் என் வேட்டியில் ஓட்டை போட்டவன், அவனேதான். வணக்கம் அங்கிள், நல்லா இருக்கீங்களா என்று எழுந்து நின்று கேட்டான். நான் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள் எல்லாரும் மரியாதையாகத்தான் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரைத் திறந்து வீடியோவைப் போட்டான். ஆயாம்மா தன் முகத்தை அதில் பார்த்ததும், அடப்பாவமே, நான் இவ்வளவு குண்டாவா இருக்கேன் என்றார். என்னைத் தவிர அதிகாரி உட்பட எல்லாரும் சிரித்தார்கள். இது நீங்கதானேம்மா என்று அதிகாரி கேட்டார், நான்தான் என்றார். இப்படிச் சொன்னீங்களா, சொன்னேன். அப்ப சம்பளத்துக்கு வரல, சேவைக்குத்தான் வந்தீங்களா என்று கேட்டார். கோயிலில் நின்று சொன்னதை இல்லை என்று சொல்ல ஆயாம்மாவுக்கு வாய் வராது. என்னைப் பார்த்தார்.

நான் எழுந்தேன். வீரமாக எழுந்தேன் என்று நினைக்காதே, மேஜையைப் பிடித்துத்தான் எழுந்தேன், வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அம்மா, அந்த வசனம் அவங்களோடது இல்ல, நான் சொல்லிக் குடுத்தது, அவங்க அன்னைக்குக் கேக்க வந்தது ஒரு ஸ்டூல், நான்தான் கேக்க விடல என்றேன். அதிகாரி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, ஸ்டூலா என்றார். ஆமாம்மா, உக்காந்து வேலை பாக்க ஒரு ஸ்டூல் என்றேன். உடனே நம் வக்கீல் பிள்ளை எழுந்தான். அங்கிள், நீங்க சொல்லிக் குடுத்தீங்க, சரி, அவங்க நம்பித்தானே சொன்னாங்க, இல்ல, கோயில்ல நின்னு பொய் சொன்னாங்கன்னு சொல்ல வர்றீங்களா என்றான். நல்ல கேள்வி, நான் சொல்லிக் கொடுக்காத கேள்வி. பொய் இல்ல தம்பி, சாமிய நெனச்சுத்தான் கூட்டுனாங்க, ஆனா கூட்டுனது உங்க பள்ளிக்கூடத்த என்றேன். அதிகாரி அதை எழுதிக்கொண்டார். தீர்ப்பு இன்னும் வரவில்லை, அடுத்த வாய்தாவில் சொல்வார்களாம்.

கீழே இறங்கி வந்ததும் ஆயாம்மா கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார் என்று நீ நினைத்தால் உன் அப்பனைப் போலவே ஏமாந்துபோவாய். அவர் படியிலேயே உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டு, இன்னைக்குப் பேசின வாயை அன்னைக்கே வச்சிருந்தா எனக்கு ஸ்டூலாவது கிடைச்சிருக்கும் தம்பி என்றார். சொல்லிவிட்டுப் பஸ் பிடித்துப் போய்விட்டார். சரியாகத்தானே சொன்னார்.

மறுநாள் பெரிய சிஸ்டர் கூப்பிட்டனுப்பினார். உங்க மேல எனக்கு வருத்தமே இல்ல, உங்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறோம், வயசாகுது, ஓய்வெடுங்க, கோயில் சாவிய மட்டும் வச்சிட்டுப் போங்க என்றார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம், ஜெபிக்கிறவரை என்ன செய்வது. வாசல்வரை வந்து, உங்க மகளைக் கொஞ்சமாவது நெனச்சுப் பாத்தீங்களா என்று மெதுவாகக் கேட்டார். இப்போது கோயில் மணியை ஒலிபெருக்கிக் குழாயில் போடுகிறார்கள், யாரோ எந்த ஊரிலோ அடித்த மணி, நடுவே இருமல் சத்தம் ஒன்றும் கேட்கிறது, பதிவு பண்ணினவன் இருமியிருப்பான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் எங்கள் பெஞ்சில் தாராளமாக இடம் கிடைக்கிறது. உன் அம்மா அதைத் தாங்கமாட்டாமல் அழுகிறாள், பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்க, நாளைக்கு அவங்க அவள வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டா ஊர் மூஞ்சில எப்படி முழிப்பேன் என்கிறாள். வழக்கமாக என் கடிதத்தின் கீழே அவள் எழுதுகிற வரிகளை இந்தத் தடவை எழுத மாட்டேன் என்றுவிட்டாள். கட்டாயப்படுத்தவில்லை. யார் வாயிலும் எதையும் வைப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். இந்தத் துன்பத்தைச் சிலுவையடியில் மௌனமாக ஒப்புக்கொடுப்போம், தந்தையே, சபையின் நற்பெயரைக் காப்பதும் ஒரு சேவையே என்று எழுதியிருந்தாய். மகளே, நீ பிறந்ததிலிருந்து என்னைத் தந்தையே என்று கூப்பிட்டதில்லை. கோபம் வந்தால் யோவ் அப்பா என்பாய். எழுத்து உன்னுடையதுதான், அந்தக் கோணலான கையெழுத்தை எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். ஆனால் பேச்சு உன்னுடையதில்லை. மற்றவர் வாய்க்கு வசனம் தைத்துக் கொடுக்கிற தொழிலில் நானும் இருந்தவன், தையல் கண்ணில் படத்தான் செய்கிறது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்கமாட்டேன். நல்ல எண்ணத்தில்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், என்னைப் போல.

வார்த்தைப்பாடு கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. நீ விரும்பித்தான் போனாய், நானும் மணி அடித்து ஊருக்கே சொன்னேன். சாமி மேல் எனக்குக் கோபம் இல்லை, பழக்கதோஷத்தில் மணி நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்து அவரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன், இப்போதெல்லாம் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறேன். கீழ்ப்படிதல் என்று வார்த்தைப்பாட்டில் நீ சொல்லும்போது அந்தச் சொல் உன்னுடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் கவலை. ஒருநாள் உன்னையும் ஏதாவது பள்ளிக்கூடத்துக்குப் பெரிய சிஸ்டராக்கி அனுப்புவார்கள். உன் முன்னால் ஒரு ஆயா வந்து நின்றால் அவர் என்ன கேட்க வந்தார் என்பதை அவர் வாயாலேயே கேட்டுக்கொள். நடுவில் என்னை மாதிரி ஒருத்தன் நின்றால் அவனை முதலில் வெளியே அனுப்பு.

உங்கள் மடத்திலிருந்து அழைப்பிதழ் வந்திருக்கிறது, பெற்றோர் என்று எங்கள் பேரை அச்சடித்திருக்கிறார்கள். உன் அம்மாவுக்கும் தம்பிக்கும் அது போதும், அவர்கள் வருவார்கள், ரவிக்கையும் தயார். எனக்கு அது போதாது. நான் வரலாமா என்று நீ எழுது. வாங்க என்று எழுதினால் வருவேன், கடைசி வரிசையில் நிற்பேன், யாரிடமும் ஒரு வார்த்தை பேச மாட்டேன். வராதீங்க என்று எழுதினால் வீட்டிலேயே இருந்து உனக்காக ஜெபமாலை சொல்வேன், வருத்தம் இருக்காது என்று மட்டும் சொல்ல மாட்டேன். எதை எழுதினாலும் யாரிடமும் காட்டாமல், யாரிடமும் கேட்காமல் எழுது. திட்டியே எழுதினாலும் சரி, அதையும் வாங்கிக்கொள்கிறேன்.

ஆண்டவர் உன் நெற்றியிலும் நாவிலும் இருக்கட்டும், மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடு, வெறும் வயிற்றில் போட்டுவிட்டு மயங்கி விழாதே. பதிலுக்கு உறையும் தபால்தலையும் இதோடு வைத்திருக்கிறேன், விலாசத்தை நானே எழுதிவிட்டேன். உள்ளே எழுத வேண்டியதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா